ஏழுக்கு மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும்

ஓர் எண் மீதியில்லாமல் வகுபடுமா என்று வகுக்காமலே பார்க்கும் வழியை யாங்கோனில் அப்பாவின் வளையல் கடையில்தான் கற்றேன். வந்திறங்கிய 2,583 வளையல்களை மீதியில்லாமல் பெட்டிகளில் பிரிக்க வேண்டும். இரண்டுக்கும் ஐந்துக்கும் கடைசி இலக்கமே சொல்லிவிடும். இங்கே 3, ஆகாது. ஒன்பதுக்கு இலக்கங்களைக் கூட்டுங்கள்: 2+5+8+3=18. சரி, வகுபடும். மூன்றுக்கும் இதே வழி.

எனக்குப் பிடித்தது ஏழு. கடைசி இலக்கத்தை வெட்டி, அதை இரட்டித்து, மிச்சத்திலிருந்து கழியுங்கள்: 258−6=252. அப்புறம் 25−4=21. ஏழின் மடங்கு! ஏன் என்று அப்பாவைக் குடைந்தேன். 2,583-இல் 63-ஐ, அதாவது மூன்று 21-ஐக் கழித்து, கடைசிப் பூஜ்யத்தை நீக்குகிறோம், அவ்வளவுதான் என்றார். 21 ஏழின் மடங்கு. பத்தோ ஏழால் வகுபடாது. அதனால் வகுபடுமா என்பதற்கான விடை மாறாது. அன்று ஏழு பெட்டிகளில் 369 வீதம் அடுக்கினோம்.