கேன்யன் தேசத்தில் வசந்த விடுமுறை: குடும்பத்தோடு போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் முதல் வாரம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் சயான் தேசியப் பூங்காவின் பள்ளத்தாக்கில் காலையில் அரைக்கைச் சட்டையோடு நடந்துவிட்டு, மதியம் பிரைஸ் கேன்யனுக்குக் கிளம்பினோம் (கேன்யன் என்றால் செங்குத்துச் சுவர் கொண்ட ஆழமான பாறைப் பள்ளத்தாக்கு). இரண்டு மணி நேர ஓட்டம்தான். போய் நிறுத்தி, கார் கதவைத் திறந்ததும் ஆறு வயது மகள் சாண்டல்ஸோடு குதித்தாள், கணுக்கால் அளவு பனிக்குள். ஜாக்கெட்டெல்லாம் பெட்டிக்குள், பெட்டி எல்லாவற்றுக்கும் அடியில். வண்டி நிறுத்துமிடத்தில் சாமான்களை இறக்கிப் போட்டு நான் ஸ்வெட்டர் தேடிய பத்து நிமிடத்தையும் என் கணவர் வீடியோ எடுத்து வைத்திருக்கிறார். அந்த நேரத்துக்கு ஒரு கை கொடுத்திருக்கலாம்.

சயானில் பள்ளத்தாக்கின் தரை சுமார் 4,000 அடி உயரத்தில் இருக்கிறது. பிரைஸின் விளிம்பு 8,000 முதல் 9,000 அடி. ஆயிரம் அடி ஏறினால் தோராயமாக 2 டிகிரி செல்சியஸ் குறையும். அப்படிப் பார்த்தால் இரண்டு இடங்களுக்கும் நடுவே பத்து டிகிரி வித்தியாசம். ஏப்ரலில் பிரைஸில் பனி விழுவது அங்கே செய்தியே இல்லை. நான் போனில் பார்த்தது சயானின் வானிலையை மட்டும். அந்தப் பயணத்திலும் அதற்கப்புறம் போனவற்றிலும் நாங்கள் செய்த தவறுகளில் பாதிக்கு மேல் இதே ரகம்தான். நிற்கிற இடத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்தோம். பாலைவனத்தில் நமக்கு ஆபத்தோ அவதியோ வருவது பெரும்பாலும் வேறெங்கிருந்தோதான்.

தலைக்கு மேலே இல்லாத மழை

சயானின் நாரோஸ் இதற்கு நல்ல உதாரணம். அங்கே தனியாகப் பாதை கிடையாது. வர்ஜின் ஆற்றுக்குள்ளேயே நடக்க வேண்டும், இருபுறமும் செங்குத்துச் சுவர். கோடையில் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு ஸ்பிரிங் பிரேக்கில் போகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். மேலே மலைகளில் குளிர்காலம் முழுக்கச் சேர்ந்த பனி, வசந்தத்தில் உருகி இந்த ஆற்றில்தான் இறங்குகிறது. நீரோட்டம் விநாடிக்கு 150 கன அடியைத் தாண்டினால் நாரோஸை மூடிவிடுவார்கள். அணைச் செய்திகளில் ஆயிரக்கணக்கான கன அடி கேட்டுப் பழகிய காதுக்கு 150 ஒரு அளவாகவே படாது. ஆனால் சில இடங்களில் இருபது, முப்பது அடி அகலமே உள்ள இடுக்கில் அந்த நீர் பாயும்போது, ஒரு பெரியவரின் காலை வாரிவிட அது போதும். பனி நிறைய விழுந்த வருடங்களில் வாரக்கணக்கில் மூடியே கிடக்கும். நாரோஸை நம்பி மட்டும் ஏப்ரலில் டிக்கெட் போடாதீர்கள்.

திறந்திருந்தாலும் அது பனி உருகிய தண்ணீர். மார்ச், ஏப்ரலில் பெரும்பாலும் 10 டிகிரிக்குக் கீழே இருக்கும். வெளியே வெயில் அடிக்கிறதே என்று அரை டிரவுசரில் இறக்கிவிட்டால் குழந்தைகளின் உதடு கொஞ்ச நேரத்தில் நீலம் பாய்ந்துவிடும். அந்தப் பருவத்தில் நீர்புகா உடையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு இறங்குவதுதான் வழக்கம். இன்னொன்று, 2020-இல் இந்த ஆற்றில் நச்சு உண்டாக்கும் சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிரியைக் கண்டுபிடித்தார்கள். ஆற்று நீரைக் குடிக்கக்கூடாது, தலையை முக்கக்கூடாது. கொதிக்க வைப்பதும் சாதாரண வடிகட்டியும் அந்த நச்சுக்குச் சரிப்படாது.

திடீர் வெள்ளம் அதிகம் வருவது ஜூலை முதல் செப்டம்பர் வரை. வசந்தத்தில் குறைவுதான், ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. 1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவில் லோயர் ஆன்டிலோப் கேன்யனில் 11 பேரை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அவர்கள் நின்ற இடத்தில் மழை என்று சொல்லும்படி எதுவுமில்லை. மேல்நிலத்தில் பல மைல் தள்ளிக் கொட்டிய மழை அது. எனவே குறுகிய கேன்யன் எதற்குள் நுழைவதானாலும், அது எங்கிருந்து தண்ணீர் வாங்குகிறதோ அந்தப் பகுதியின் வானிலையைப் பாருங்கள். அதைக் கண்டுபிடிக்கச் சிரமமாக இருந்தால் காலையில் விசிட்டர் சென்டரில் பூங்கா ஊழியரான ரேஞ்சரைக் கேளுங்கள். அவர்கள் ஒரு நாளில் நூறு முறை பதில் சொல்கிற கேள்விதான், சங்கடப்பட வேண்டாம்.

இறங்கும்போது எல்லோரும் சூரர்கள்

மலையில் முதலில் ஏற்றம், அப்புறம் இறக்கம். கிராண்ட் கேன்யனில் இது தலைகீழ். குழந்தைகள் துள்ளிக்கொண்டு இறங்குவார்கள், நமக்கும் உற்சாகம் தாங்காது. "இன்னும் அந்த வளைவு வரைக்கும் மட்டும்பா" என்று எங்கள் பெரியவன் மூன்று வளைவுகள் இழுத்துக்கொண்டு போனான். திரும்பி ஏறும்போது அந்த மூன்று வளைவும் முப்பதாகத் தெரிந்தது. இறங்க ஆகும் நேரத்தைப்போல் ஏற இரு மடங்கு ஆகும் என்பதுதான் அங்கே பொதுக் கணக்கு. சின்னப் பிள்ளைகள் என்றால் நான் மூன்று மடங்கு வைப்பேன். தெற்கு விளிம்பு சுமார் 7,000 அடி, கீழே கொலராடோ ஆறு சுமார் 2,400 அடி. விளிம்பிலிருந்து ஆற்றைத் தொட்டுவிட்டு ஒரே நாளில் திரும்பி வர முயல வேண்டாம் என்று பூங்கா நிர்வாகமே பலகை வைத்து எச்சரிக்கிறது.

வசந்தத்தில் இதோடு இரண்டு சிக்கல்கள் சேரும். பாதையின் மேல் பகுதியில், நிழல் விழும் திருப்பங்களில், மார்ச் மாதம் கல்லாக இறுகிய பனிக்கட்டி இருக்கும். ஷூவுக்கு மேல் மாட்டும் இரும்புப் பல் கொண்ட பட்டை இல்லாமல் கால் நிற்காது. கீழே போகப் போகச் சூடு ஏறிக்கொண்டே வரும், அடிமட்டத்தில் வேறொரு மாதமே நடக்கும். அப்புறம் தண்ணீர். பிரைட் ஏஞ்சல் பாதையில் ஒன்றரை மைல், மூன்று மைல் தூரத்தில் உள்ள ஓய்விடக் குழாய்களை வழக்கமாக மே மத்தியில்தான் திறப்பார்கள். வரைபடத்தில் குழாய்ச் சின்னம் இருக்கிறதே என்று ஏப்ரலில் பாதி பாட்டிலோடு இறங்காதீர்கள்.

அந்தக் காற்றில் வியர்வை தோலில் தங்குவதே இல்லை, வந்த வேகத்தில் காய்ந்துவிடும். பிள்ளைகள் "எனக்கு வேர்க்கவே இல்லை" என்பார்கள்; தொப்பியைக் கழற்றிப் பார்த்தால் உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கும். தண்ணீர் கொடுப்பதில் காட்டும் அக்கறையை உப்பிலும் காட்டுங்கள். ஒன்றும் சாப்பிடாமல் வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து வாந்தி, தலைச்சுற்றல், தடுமாற்றம் வரும். பார்ப்பதற்கு வெயில் மயக்கம் மாதிரியே இருப்பதால் இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள், அது இன்னும் கெடுக்கும். அரை மணிக்கு ஒருமுறை உப்பு பிஸ்கட்டோ வறுத்த கடலையோ கையில் திணிப்பது என் வேலை.

ஒரு மணி நேரம் எங்கே போனது

மார்ச் இரண்டாவது ஞாயிறு அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். அரிசோனா தள்ளாது. ஆனால் அதே அரிசோனாவுக்குள் இருக்கும் நவஹோ நேஷன், அதாவது நவஹோ பழங்குடியினரின் தன்னாட்சிப் பகுதி, தள்ளும். ஆன்டிலோப் கேன்யன் நவஹோ நிலத்தில்தான் இருக்கிறது, ஆனாலும் சுற்றுலாக்கள் பக்கத்து ஊரான பேஜின் நேரப்படி, அதாவது அரிசோனா நேரப்படி நடக்கும். தலை சுற்றுகிறதா? எங்களுக்கும் சுற்றியது. பேஜிலிருந்து ஏழரைக்குக் கிளம்பி, ஒன்பது மணிச் சுற்றுலா முன்பதிவுக்கு எட்டேமுக்காலுக்கே கனாபில் இருந்துவிடலாம் என்று ஓட்டினோம். கனாப் யூட்டாவில் இருக்கிறது. போய் இறங்கும்போது அங்கே மணி ஒன்பதேமுக்கால். வண்டி போய்விட்டது, பணமும் திரும்பவில்லை. அவர்களைக் குறை சொல்ல வழியில்லை, மின்னஞ்சலிலேயே தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். எல்லைக்குப் பக்கத்தில் போன் எந்த டவரைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும், அதையும் நம்ப முடியாது. முன்பதிவு செய்யும்போதே 'யாருடைய ஒன்பது மணி' என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

காலடியில்

பாதையை விட்டு ஒரு குறுக்கு வழி எடுத்தால் என்ன ஆகிவிடும், மண்தானே என்று தோன்றும். அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி கருப்பாக, முண்டும் முடிச்சுமாக மேலோடு தெரிந்தால் அது வெறும் மண் இல்லை. நீலப்பச்சைப் பாசியும் பாசிச் செடிகளும் சேர்ந்து மணலைக் கட்டிப் பிடித்து வைத்திருக்கும் உயிருள்ள தோல். ஒரு மிதியில் நொறுங்கிவிடும். திரும்ப உருவாகப் பத்தாண்டுகள் கணக்கில் ஆகும். பிள்ளைகளுக்கு நீண்ட விளக்கம் வேண்டாம், "அது தூங்குது, மிதிக்காதே" என்றதும் என் மகள் எங்களையெல்லாம் அதட்டிக்கொண்டு வந்தாள்.

மழை பெய்த மறுநாள் மணற்பாறைகளில் ஏறவும் வேண்டாம். ஈரம் ஊறிய மணற்பாறை பலம் இழந்து பிடித்த கையோடு உடையும். களிமண் சாலைகளும் அப்படித்தான், காய்ந்திருந்தால் எந்த வண்டியும் போகும், நனைந்தால் பெரிய ஜீப்பும் வழுக்கும்.

அரிசோனாவின் தாழ்வான பாலைவனப் பக்கம் போனால் சோயா (cholla) என்ற முட்கள்ளி. பார்க்கக் கரடி பொம்மை மாதிரி பஞ்சு பஞ்சாக இருக்கும், உரசினால் போதும், ஒரு கணு அப்படியே உடைந்து ஒட்டிக்கொள்ளும். எங்கள் பையனின் கெண்டைக்காலில் ஒட்டியபோது நான் செய்த முதல் காரியம் கையால் பிடுங்கப் போனது. அடுத்த நொடி என் விரல்களும் அவன் காலும் ஒரே கள்ளியில். எதிரே வந்த ஒரு பாட்டி பையிலிருந்து சீப்பை எடுத்து, கள்ளிக்கும் தோலுக்கும் நடுவே நுழைத்து, ஒரே சுண்டு. கள்ளி பறந்தது. மிச்ச முட்களை இடுக்கியால் எடுத்தோம். அன்றிலிருந்து எங்கள் முதலுதவிப் பையில் அகலப் பல் சீப்பு ஒன்று இருக்கிறது. அதைத் தலைவார எடுக்க யாருக்கும் அனுமதி இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சயானில் ஷட்டில் பஸ் ஓடும் மாதங்களில் உள்சாலைக்குச் சொந்தக் காரில் போக முடியாது. சங்கிலியைப் பிடித்து ஏறும் ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற பாறை உச்சிக்கு ஏற 2022 ஏப்ரல் முதல் அனுமதிச் சீட்டு வேண்டும். சின்னப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அந்தச் சங்கிலிப் பாதைக்குப் போவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தேசியப் பூங்கா ஆண்டுப் பாஸ் நவஹோ பூங்காக்களில் செல்லாது. வசந்தம் காற்றுக் காலம், கூடாரத்தின் சின்ன ஆணிகள் மணலில் நிற்காது. பையில் மணலை நிரப்பிக் கயிற்றில் கட்டிப் புதைத்தால் நிற்கும். அப்புறம், கிராண்ட் கேன்யனில் பாம்புக்குப் பயந்து பார்த்துப் பார்த்து நடப்பவர்கள் கையை நீட்டித் தீனி கொடுப்பது அணிலுக்கு. அங்கே ஆட்களை அதிகம் கடிப்பதே அந்த அணில்தான்.