எத்தில் சிலிகேட் பைண்டரில் செராமிக் வார்ப்பு அச்சு

ஷா முறை என்பது செராமிக் பொடியை எத்தில் சிலிகேட் பைண்டரில் (பொடியைப் பிணைக்கும் திரவம்) கூழாக்கி, பேட்டர்ன் மேல் ஊற்றி, உலோகம் வார்க்க அச்சு எடுக்கும் முறை. அந்த அச்சு கெடுவது பெரும்பாலும் சூளையில் அல்ல, பைண்டர் கலக்கும் பாத்திரத்தில்.

100 கிராம் டிஈஓஎஸ் (டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிகேட், எத்தில் சிலிகேட்டின் தூய வடிவம்) தண்ணீரோடு முழுதாக வினைபுரிந்தால் ஏறக்குறைய 29 கிராம் சிலிக்கா கிடைக்கும். 15 சதவீதம் சிலிக்கா உள்ள பைண்டருக்கு அதனுடன் 75 கிராம் நீரற்ற எத்தனால், 17 மில்லி 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் போதும். நீரற்ற எத்தனாலுக்குப் பதில் 95 சதவீத ஸ்பிரிட் என்றால் அதிலேயே ஐந்தாறு கிராம் தண்ணீர் இருக்கிறது. அமிலத்தை 12 மில்லியாகக் குறையுங்கள். இதை மறந்தால் பைண்டர் சீக்கிரமே பாட்டிலுக்குள் உறைந்துவிடும். 'எத்தில் சிலிகேட் 40' வேறு சரக்கு, இந்த அளவு அதற்கு ஒத்துவராது.

டிஈஓஎஸ்ஸில் பாதி எத்தனாலைக் கலந்து, மீதியை அமிலத்தோடு சேர்த்து, கிளறிக்கொண்டே சொட்டுச் சொட்டாக விடுங்கள். முதலில் கலங்கும், பிறகு சூடேறித் தெளியும். 40 டிகிரி தாண்டினால் குளிர்நீரில் வையுங்கள். தெளிந்ததும் ஒரு மணி நேரம் கிளறி, மூடி, ஒரு இரவு விடுங்கள். பக்கத்தில் நெருப்பு கூடாது.

இந்தப் பைண்டருக்கு 600 கிராம் ஃப்யூஸ்டு சிலிக்கா (உருக்கிக் கண்ணாடியாக்கிய சிலிக்கா), பொடியும் குருணையும் கலந்து. அலுமினா போட்டால் அதிலுள்ள சோடா அமிலத்தைத் தின்று, கூழ் கையிலேயே கெட்டியாகும். சிலிக்கா தூசுக்கு என்95 முகமூடி கட்டாயம்.

கூழை உறைய வைக்க 10 சதவீத அம்மோனியம் கார்பனேட் கரைசல். எத்தனை சொட்டு என்பதை எந்தப் புத்தகமும் சொல்லாது. 20 கிராம் பைண்டரில் சோதித்து, மூன்று நிமிடத்தில் உறையும் அளவைப் பிடியுங்கள்.

பேட்டர்ன் (வார்க்க வேண்டிய பொருளின் மாதிரி) மேல் ஊற்றிய கூழ் ரப்பர் பதத்துக்கு வந்ததும், நகம் பதிந்து திரும்ப எழும்பும்போது கழற்றுங்கள். கழற்றிய கையோடு வெட்டவெளியில் டார்ச்சால் முகம் முழுக்கக் கொளுத்துங்கள். அச்சிலுள்ள எத்தனால் ஒரே நேரத்தில் எரிந்தால் மயிரிழை விரிசல்கள் வலைபோலப் பரவும். வாயு வெளியேறும் வழியும் அதுதான், அளவு மாறாததும் அதனால்தான். காயட்டும் என்று அரை மணி விட்டால் இரண்டு மூன்று பெரிய வெடிப்பாக வரும், அந்த அச்சு குப்பைக்கு.

சூளையில் 500 டிகிரி வரை மெதுவாக ஏற்றுங்கள், மிச்சக் கரிமம் எரியட்டும். பிறகு 950-இல் ஒரு மணி நேரம். 1,100-ஐத் தாண்டி வெகுநேரம் வைத்தால் கிறிஸ்டோபலைட் (சிலிக்காவின் ஒரு படிக வடிவம்) உண்டாகி, ஆறும்போது 200–270 டிகிரிக்குள் சுருங்கி அச்சை உடைக்கும். அப்படிப்பட்ட அச்சை ஆறவிடாமல் சூடாகவே உலோகம் ஊற்றிவிடுங்கள்.