இத்தாலி, ஜெர்மனி ஒருங்கிணைப்பு: இரண்டு ஆண்டுகள் போதும்

ஐரோப்பிய வரலாறு படிக்கிறவர்கள் இத்தாலிக்கும் ஜெர்மனிக்கும் தனித்தனியாக ஆண்டுகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஜெர்மனியை ஒருங்கிணைத்த பிரஷ்யா அரசு போருக்குப் போன 1866, 1870 இரண்டையும் பிடித்துக்கொள்ளுங்கள். வெனிஸும் ரோமும் இத்தாலிக்குக் கிடைத்தது அதே ஆண்டுகளில்தான்.

1866-ல் பிரஷ்யப் பிரதமர் பிஸ்மார்க்கின் கூட்டாளியாக இத்தாலியும் ஆஸ்திரியாவோடு மோதியது. கஸ்டோசாவில் தோற்றது, லிஸ்ஸா கடற்போரிலும் தோற்றது, ஆனாலும் சடோவாவில் பிரஷ்யா ஜெயித்ததால் வெனிஸ் கைக்கு வந்தது (தோற்றவனுக்குப் பரிசு!). 1870-ல் பிரஷ்யாவோடு போர் மூண்டதும், ரோமில் போப்புக்குக் காவலாக நிறுத்தியிருந்த படையை பிரான்ஸ் திரும்ப அழைத்துக்கொண்டது. செப்டம்பர் தொடக்கத்தில் செடானில் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் பிடிபட்டார். 20-ஆம் தேதி இத்தாலியப் படை ரோமுக்குள் நுழைந்துவிட்டது. அப்புறம் 1871 ஜனவரியில் வெர்சாய் அரண்மனையில் ஜெர்மன் பேரரசு அறிவிப்பு.

இத்தாலி அரசு அறிவிக்கப்பட்ட 1861-க்கு முந்தைய இத்தாலிக்கு இந்தக் கணக்கு செல்லாது. லொம்பார்டி (1859), கரிபால்டியின் சிசிலிப் படையெடுப்பு (1860) இரண்டையும் தனியாகத்தான் படிக்க வேண்டும். பிரஷ்யாவின் 1864 டென்மார்க் போருக்கும் இத்தாலிப் பக்கம் ஜோடி கிடையாது.