கோந்து போடுவதற்கு முன்பே காட்டுங்கள்: ஓவியமும் மரவேலையும் பகிர்ந்துகொள்ள ஒரு கையேடு

வார இறுதியில் வாட்டர்கலரோடு ஏரிக்கரைக்குக் கிளம்புகிறவர்களும் மொட்டைமாடியில் இழைப்புளி தள்ளுகிறவர்களும் ஒரே கூட்டமாகக் கூடினால் இரண்டு பக்கத்துக்கும் லாபம். சென்னையில் நாங்கள் சிலர் மாதம் ஒரு ஞாயிறு இப்படித்தான் கூடுகிறோம். யாருக்கும் இது தொழில் கிடையாது. ஓவியத்தையும் கைவேலையையும் ஒன்றாக வைப்பதும் இந்த ஊருக்குப் புதிது இல்லை: 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் பத்திக் (மெழுகு தடவிச் சாயமேற்றிய துணி) போன்ற கைவினைப் பொருள்களை விற்ற பணம்தான் ஓவியர்களைத் தாங்கி நின்றது. உங்கள் ஊரிலும் நாலு பேரைச் சேர்த்து இப்படிக் கூட நினைத்தால், எங்களுக்கு உதவியவற்றைச் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: வேலையை முடித்துவிட்டுக் கொண்டுவராதீர்கள். முடிந்த பொருளைப் பார்த்து மற்றவர்கள் என்ன சொல்ல முடியும்? ‘நல்லா இருக்கு’ என்பார்கள், அல்லது இனிமேல் திருத்தவே முடியாத ஒரு குறையைச் சொல்வார்கள். இரண்டாலும் பயனில்லை. ஸ்டூல் செய்கிறீர்களா, கால்களையும் சட்டங்களையும் கோந்து போடாமல் பூட்டி, கயிறு கட்டி அப்படியே தூக்கி வாருங்கள். மூலைக்கு மூலை அளந்து பார்த்தால் இரண்டு அளவும் ஒன்றாக இருக்கிறதா, கால் சாய்வு கண்ணுக்கு இதமாக இருக்கிறதா, உட்கார்ந்தால் ஆடுகிறதா என்று நாலு பேர் சொல்லும்போது கழற்றி உளியால் ஒரு சீவு சீவினால் வேலை சரியாகிவிடும். கோந்து இறுகிய பிறகு அதே கருத்து மனவருத்தம்தான்.

ஓவியக்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் வாட்டர்கலரில் வெள்ளை என்பது காகிதம்தான், மூடிவிட்டால் பழைய வெண்மையோடு திரும்ப வராது. அதனால் பெரிய தாளில் கை வைக்கும் முன்னால், போஸ்ட்கார்டு அளவில் பென்சிலால் மூன்றே டோனில் (வெளுப்பு, நடுத்தரம், அடர்த்தி) ஒரு சின்ன ஸ்கெட்ச் போட்டு அதைக் கொண்டுவந்து காட்டுங்கள். பழவேற்காட்டில் ஒரு படகை வரைகிறீர்கள் என்றால் தண்ணீரும் வானமும் அங்கே கிட்டத்தட்ட ஒரே வெளுப்பு. எங்கே அடர்த்தி வைக்கப்போகிறீர்கள், படகின் நிழலிலா, பின்னால் தெரியும் கரையின் மரங்களிலா? இந்தக் கேள்விக்குப் பதில் வண்ணம் கரைக்கும் முன்பே தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது, எப்படிக் காட்டுவது. 2007-இல் சியாட்டிலைச் சேர்ந்த கேப்ரியல் காம்பனாரியோ தொடங்கிவைத்த, ஊரை நேரில் பார்த்து வரைகிற அர்பன் ஸ்கெட்சர்ஸ் குழுக்களில், வரைந்து முடித்ததும் எல்லாருடைய புத்தகங்களையும் தரையில் பரப்பிவைத்துச் சுற்றி நின்று பார்ப்பார்கள். நல்ல வழக்கம், கூச்சம் போய்விடும். ஆனால் கருத்துக் கேட்க அது போதாது. ஓவியத்தை நிமிர்த்திச் சுவரோரம் வைத்து எட்டடி, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். டியூப்லைட் வேண்டாம், நேர் வெயிலும் வேண்டாம், வராண்டா நிழல் வெளிச்சம் போதும். எல் வடிவில் வெட்டிய இரண்டு வெள்ளை அட்டைகள் கூட்டத்தில் எப்போதும் இருக்கட்டும். அவற்றைப் படத்தின் மேல் நகர்த்தினால் எந்தப் பக்கம் எவ்வளவு வெட்டினால் படம் எழுந்து நிற்கும் என்பது உடனே தெரியும். போனில் படமெடுத்துக் கருப்பு வெள்ளையாக்கிப் பார்ப்பதும் உதவும். வண்ணம் ஏமாற்றும், டோன் ஏமாற்றாது.

பேச்சுக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். வரைந்தவர் முதல் இரண்டு நிமிடம் வாய் திறக்கக் கூடாது, மற்றவர்கள் தங்கள் கண் முதலில் எங்கே போனது, அப்புறம் எங்கே போனது என்பதை மட்டும் சொல்லட்டும். மயிலாப்பூர் குளத்தை வரைந்தவர் கோபுரத்தைத்தான் பார்ப்பார்கள் என்று நினைத்திருப்பார், எல்லார் கண்ணும் ஓரத்தில் நிற்கும் சிவப்பு ஆட்டோவுக்குப் போயிருக்கும். அது போதும், அவருக்கே புரிந்துவிடும். அதற்குப் பிறகு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம், அதுவும் குறிப்பாக இருக்க வேண்டும். ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் பதில் வராது; ‘பின்னால் இருக்கும் பனைகள் முன்னால் வந்து நிற்கின்றனவா?’ என்று கேட்டால் வரும். யாராவது திருத்தம் காட்ட விரும்பினால் படத்தின் மேல் பென்சில் வைக்காமல், பட்டர் பேப்பரையோ பிளாஸ்டிக் ஷீட்டையோ மேலே போட்டு அதில் வரைந்து காட்டட்டும். இதில் நாங்கள் கண்டிப்பு.

பச்சையைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் எங்கள் கூட்டத்தில் அதிகம் பேசப்படுவது அதுதான். டியூபில் வரும் பச்சையை அப்படியே பூசினால் வேம்பும் தென்னையும் பூவரசும் ஒரே மரமாகிவிடும். மஞ்சளும் அல்ட்ராமரைன் நீலமும் கலந்து, அதில் துளி பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) சேர்த்து வெயிலுக்கேற்பக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். எந்தக் கலவை எது என்று ஓர் ஓரத் தாளில் பூசி, பெயர் எழுதி, படத்தோடு கொண்டுவாருங்கள். முடிந்த படத்தைவிட அந்தத் தாளைத்தான் எல்லாரும் ஆசையாகப் பார்ப்பார்கள்.

மரவேலையைக் கண்ணால் மட்டும் பார்த்தால் போதாது, கையில் கொடுக்க வேண்டும். டிராயர் இருந்தால் இழுத்துப் பார்க்கட்டும். கவிழ்த்து அடிப்பக்கம் பார்க்கட்டும். பாலிஷ் போடும் முன்னால் ஒரு டார்ச்சை மேற்பரப்புக்குப் பக்கவாட்டில், கிட்டத்தட்டப் படுக்கவைத்த மாதிரிப் பிடித்தால், இழைப்புளி பிய்த்த இடமும் 80-ஆம் நம்பர் உப்புத்தாள் விட்ட கீறலும் பளிச்சென்று தெரியும். 120, 180, 220 என்று படிப்படியாக நைசான தாளுக்குப் போகாமல் தாவியிருந்தால் இங்கேதான் மாட்டிக்கொள்ளும். பலகை அகலவாக்கில்தான் விரியும், சுருங்கும், நீளவாக்கில் அசைவு மிகக் குறைவு. ஆகவே சென்னையில் நவம்பர் ஈரத்தில் செய்த மேசைப் பலகையை நாலு பக்கமும் இறுக்கிப் பூட்டினால் கோடையில், அதுவும் பெங்களூரில் இருக்கும் நண்பருக்குக் கொடுத்தால், விரிசல் விட வாய்ப்பு அதிகம். அசைய இடம் விட்டிருக்கிறீர்களா என்பதைக் கூட்டத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்க வேண்டும்.

மரம் கைமாறும்போது கொஞ்சம் கவனம். இடித்த வீட்டுத் தேக்கு அருமையான மரம். காரைக்குடிப் பக்கம் பழைய நிலை, உத்தரம் எல்லாம் கடைகளில் கிடைக்கும். ஆனால் உள்ளே ஒடிந்த ஆணி இருக்கும், காந்தம் வைத்துத் தேடாமல் இழைப்புளி போடாதீர்கள். சின்ன ஓட்டைகளும் கீழே புதிதாகக் கொட்டிய மாவுத்தூளும் இருந்தால் உளுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், அதை இன்னொருவர் வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். அப்புறம், மரத்துக்குப் பூசும் லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே, மடிக்காமல் ஒற்றை அடுக்காக விரித்துக் காயவிட்டபின் குப்பையில் போடுங்கள். யார் வீட்டில் கூடுகிறீர்களோ அவர்களுக்கு நீங்கள் செய்ய வேண்டிய முதல் மரியாதை இது.

இரண்டு குழுவும் சேரும் இடம் ஃப்ரேம். ஓவியக்காரர்களில் பலர் 22 × 30 அங்குல முழுத்தாளை நாலாக வெட்டி 11 × 15-இல்தான் வரைகிறார்கள். அதற்குச் சுற்றிலும் மூன்று அங்குலம் மவுண்ட் (படத்தைச் சுற்றி வரும் அட்டை) விட்டால் உள்ளளவு 17 × 21 வரும், அந்த அளவில் இரண்டு, மூன்று ஃப்ரேம் செய்துவைத்தால் படங்களை மாற்றி மாற்றி மாட்டலாம். கண்ணாடி, மவுண்ட், படம், பின்பலகை எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 8 முதல் 10 மில்லிமீட்டர் தடிமன் வரும், இவை உட்காரும் ஃப்ரேமின் பின்பக்கப் பள்ளத்தை 12 மில்லிமீட்டர் ஆழத்துக்கு எடுங்கள், நீள அகலத்தில் இரண்டு மில்லிமீட்டர் தளர்வும் விடுங்கள். படம் கண்ணாடியைத் தொடவே கூடாது, நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடித்துவிடும். மவுண்ட் அமிலம் இல்லாததாக இருக்கட்டும். பின்னால் நாலு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் ஃப்ரேமுக்கும் இடையில் காற்று போகும். பதிலுக்கு மரவேலைக்காரர் ஓர் ஓவியம் வாங்கிக்கொள்ளட்டும், பணப் பேச்சு வேண்டாம்.

யாருக்காவது கொடுப்பதற்கு முன்னால் படத்தின் பின்பக்கம் பென்சிலால் இடம், தேதி, காகிதம், பயன்படுத்திய வண்ணங்கள் எல்லாம் எழுதிவிடுங்கள். வேறொருவர் எடுத்த போட்டோவைப் பார்த்து வரைந்திருந்தால் அதையும் எழுதுங்கள். ஸ்டூலின் அடியில் என்ன மரம், எங்கே வாங்கியது, மேலே என்ன எண்ணெய் என்று எழுதினால் பத்து வருடம் கழித்துப் பழுது பார்க்கிறவருக்கு எதைப் பூசுவது என்ற குழப்பம் இருக்காது.