ஒரே பொத்தானுக்கு மூன்று பெயர்கள்

உலாவியைத் தானாக இயக்கும் செலீனியம் என்ற கருவியைக் கொண்டு நாங்கள் எழுதியிருந்த தானியங்கிச் சோதனைகளில், ஒரே உள்நுழைவுப் பொத்தான் ஒரு கோப்பில் 'பட்டன்1' என்றும், மற்றொன்றில் 'சப்மிட்' என்றும், மூன்றாவதில் 'நீலபட்டன்' என்றும் வழங்கிவந்தது. பக்கத்தின் கட்டமைப்பில் அது இருக்கும் இடத்தைச் சுட்டும் எக்ஸ்பாத் முகவரியோ மூன்றிலும் தனித்தனியே ஒட்டப்பட்டிருந்தது. அந்தப் பொத்தானைச் சுற்றி யாரோ புதிதாக ஒரு டிவ், அதாவது உறுப்புகளைச் சூழும் பெட்டி, சேர்த்த அன்று அந்த முகவரி பொருந்தாமல் போய், மென்பொருளில் பிழை ஏதும் இல்லாதபோதும் சோதனைகள் வரிசையாகத் தோற்றன. முகவரிகளை மட்டும் திருத்திவிட்டு நகர்ந்தேன். அது சோம்பேறித்தனம் என்பது அடுத்த வெளியீட்டிலேயே விளங்கியது.

பிறகு, திரைக்கு ஒரு வகுப்பு (கிளாஸ் எனப்படும் நிரல் தொகுதி) என்னும் பேஜ் ஆப்ஜெக்ட் முறைப்படி முகவரிகள் அனைத்தையும் அந்தந்த வகுப்புக்குள் ஒருமுறை மட்டுமே எழுதி, முதலில் பயன், அடுத்து உறுப்பின் வகை என்ற ஒழுங்கில் 'லாகின்பட்டன்', 'பாஸ்வேர்டுஃபீல்டு' எனப் பெயரிட்டேன். திரையின் பெயர் வகுப்பிலேயே இருப்பதால் அதை மீண்டும் சேர்க்கவில்லை. நிறத்தையும் இடத்தையும் பெயரில் வைப்பதை அறவே விட்டேன். எங்கள் 'நீலபட்டன்' பச்சையாகி வெகுநாளாகியிருந்தது.

பெயர் சீரானாலும் முகவரி நிலைக்க வேண்டுமே! ஆகவே, சோதனைக்கென்றே 'டேட்டா-டெஸ்ட்ஐடி' என்ற பண்பை ஒவ்வோர் உறுப்பிலும் சேர்க்குமாறு நிரலாளர்களிடம் கேட்டுப் பெற்று, நீண்ட எக்ஸ்பாத்களை ஒவ்வொன்றாக நீக்கினேன். அதன்பின் திரையமைப்பு மாறும்போது, பெரும்பாலும் ஒரே ஒரு வரியைத்தான் திருத்துகிறேன்.