கிழமைக் குளிசையும் பிற பிழைகளும்: மூட்டுவாத மருந்துகளில் தவிர்க்க வேண்டியவை

வன்னியின் அரச மருத்துவமனை மருந்தகங்களில் நீண்ட காலமாக மருந்தாளராக இருக்கிறேன். அண்மையில் பயிற்சிக்கு வந்த பிள்ளை ஒருவர், ஒருகாலத்தில் நான் எழுதிய அதே சொற்களை மருந்து உறையொன்றில் எழுதுவதைக் கண்டதும், உறையை வாங்கிக் கிழித்துப் போட்டேன். காலாவதித் திகதி பார்ப்பதையும் நோயாளியின் பெயரைச் சரிபார்ப்பதையும் எவரும் சொல்லித் தருவார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

"ஒவ்வொரு கிழமையும்" என்று எழுதுதல்

உடலின் நோயெதிர்ப்பு தன் மூட்டுகளையே தாக்கும் முடக்குவாதத்தில், வலிக்குளிசைகள் வலியை மட்டுமே அடக்கும்; மூட்டு அரிபடுவதைத் தடுப்பவை மெதோட்ரெக்சேற் போன்ற மருந்துகள். அதன் பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் வரை ஆகலாம் என்றாலும், விரல்கள் கோணாமல் காப்பதில் அது முதன்மையானது. ஆனால் அதை ஏழு நாளுக்கு ஒரு தடவை மட்டுமே எடுக்க வேண்டும். அதே அளவை நாள்தோறும் எடுத்தால் எலும்பு மச்சை குருதிக் கலங்களை உண்டாக்குவது தடைப்பட்டு, வாய் புண்ணாகி, உயிருக்கே ஆபத்தாகும்.

துணுக்காய்ப் பக்கத்து ஆச்சி ஒருவருக்கு மருத்துவர் 2.5 மில்லிகிராம் குளிசை நான்கை வாரத்துக்கு ஒரு தடவை என எழுதியிருந்தார். இரண்டு மாதத்துக்கு 32 குளிசைகளை எண்ணிப் போட்டு, உறையில் "ஒவ்வொரு கிழமையும் 4" என்று எழுதிக் கொடுத்தேன். நமக்குக் கிழமை என்றால் வாரம். வீட்டில் அதை வாசித்துக் காட்டிய பேரனுக்கோ கிழமை என்றால் ஞாயிற்றுக்கிழமை, திங்கட்கிழமை, செவ்வாய்க்கிழமை. பத்தாம் நாள் ஆச்சி வெற்று உறையோடு வந்து நின்றார். உதடு வெடித்துக் காய்ந்திருந்தது. கஞ்சித் தண்ணீர்கூட இறங்கவில்லை என்றார். "எல்லாக் கிழமையும் ஒழுங்காய்ப் போட்டனான் தம்பி, ஒரு கிழமையும் விடேல்லை" என்று அவர் சொன்னது இன்றும் காதில் கேட்கிறது.

வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தன. மெதோட்ரெக்சேற்றின் நஞ்சை முறிக்கும் போலினிக் அமில ஊசி ஏற்றி, விடுதியில் வைத்துப் பார்த்து, ஆச்சியைக் காப்பாற்றினார்கள். அதன் பிறகு அந்தக் குளிசையைத் தொடவே அவர் மறுத்துவிட்டார். அவருடைய விரல்களைக் காத்திருக்கக்கூடிய மருந்து அது. எனது எழுத்தால் அவருக்கு நஞ்சாகிவிட்டது. சில ஆண்டுகளில் அவருடைய இரு கை விரல்களும் கோணிப்போயின.

இதனால் எனது மேசையில் "கிழமை" என்ற சொல்லே கிடையாது. "செவ்வாய் மட்டும். மற்ற ஆறு நாளும் எடுக்கக் கூடாது" என்று எழுதுகிறேன். நான்கு வாரத்துக்கு மேல் ஒரே தடவையில் கொடுப்பதில்லை. நோயாளி எந்த நாளில் எத்தனை குளிசை எடுப்பார் என்பதை அவர் வாயாலேயே சொல்ல வைக்கிறேன். அவசரமாகத் தலையாட்டுவதைப் பதிலாக ஏற்பதில்லை. துணையாகக் கொடுக்கும் போலிக் அமிலமும் பெரும்பாலும் சிறிய மஞ்சள் குளிசையாகவே இருப்பதால், அதற்கு வேறு உறையும் வேறு நாளும் குறித்துக் கொடுக்கிறேன். குறித்த நாளுக்கு முன்பே மருந்து முடிந்துவிட்டதென்று ஒருவர் வந்தால், புதிதாக எண்ணிப் போடுமுன் ஏன் முடிந்தது என்று கேளுங்கள்.

இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுதல்

மாங்குளம் சந்தியில் பேருந்து மாறி வரும் நோயாளிக்கு அது அலைச்சல்தான். ஆனாலும் குருதிக் கலங்களையும் ஈரலையும் சிறுநீரகத்தையும் பாராமல் மெதோட்ரெக்சேற்றைத் தொடரக் கூடாது.

வயிற்றுக் குளிசை கொடுத்ததும் பயமில்லை என நினைத்தல்

வலிக்குளிசையான டைக்லோபினாக்கோடு, வயிற்றுக் குளிசையான ஒமெப்பிரசோல் கொடுத்தால் இரைப்பைக்கு ஓரளவு காப்புக் கிடைக்கும். சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் அதனால் எந்தக் காப்பும் இல்லை. வயிற்றுக்கு இதமானதென்று பெயரெடுத்த ரொபெகொக்சிப் என்ற வலிக்குளிசை, மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டியதால் 2004 இல் உலகச் சந்தையிலிருந்தே மீளப்பெறப்பட்டது. இரத்த அழுத்தத்துக்கு லோசாட்டனும் நீர் வெளியேற்றும் குளிசையும் எடுக்கும் ஒருவர், கச்சான் பிடுங்கும் காலத்தில் பகல் முழுதும் வெயிலில் நின்று, தண்ணீர் குடிக்காமல், இரவில் டைக்லோபினாக்கையும் போட்டால் சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கலாம். காரணம் தெளிவாகத் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்தின் சில கிராமங்கள் வரை பரவியிருக்கும்போது, இதைக் கேட்காமல் விடுவது பொறுப்பற்ற செயல். கிளினிக்கில் டைக்லோபினாக்கும் கடையில் இபுப்ரோபெனும் வாங்குபவர் ஒரே வகை மருந்தையே இரட்டிப்பாக எடுக்கிறார் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

பிரெட்னிசலோனின் வேகத்தில் மயங்குதல்

கடுமையான மூட்டுவாதத்தால் நடக்கச் சிரமப்பட்ட ஒரு பெண்ணுக்கு 1948 இல் முதன்முதலாகக் கோர்ட்டிசோன் செலுத்தியபோது, சில நாட்களிலேயே அவர் எழுந்து நடந்தார். 1950 இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. அதே வகை மருந்தான பிரெட்னிசலோனும் இரண்டு நாளில் சுகம் தருவதால், பழைய துண்டைக் காட்டித் திரும்பத் திரும்ப வாங்கப் பார்ப்பார்கள். நாளடைவில் சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும், முகம் ஊதும். பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்துவதும் ஆபத்து: சில வாரங்கள் எடுத்த பின் உடல் தன் சுரப்பைக் குறைத்துக்கொள்வதால், மருத்துவர் சொன்னபடி படிப்படியாகவே இறக்க வேண்டும். பெயரில்லாமல் தாளில் சுற்றி விற்கப்படும் "வாதக் குளிசை" இரண்டு நாளில் அதிசயம் செய்தால், அதற்குள்ளும் இதுவே இருக்கலாம் என்று நான் சந்தேகப்படுவேன்.

ஹைட்ரொக்சிகுளோரோகுயின் எடுப்பவரைக் கண் பரிசோதனைக்கு அனுப்பாமை

அனுப்புங்கள்.

வேறு இடத்தில் எழுதிய துண்டைப் பாராமை

சலக்கடுப்புக்கென்று எழுதும் கிருமிக்கொல்லி மருந்தான கோட்ரைமொக்சசோல், மெதோட்ரெக்சேற்றோடு சேர்ந்தால் குருதிக் கலங்களை ஒன்றாகத் தாக்கும். கிளினிக் கொப்பியை வாங்கிப் பாருங்கள்.

பிள்ளை பெறும் வயதுப் பெண்ணிடம் கேட்கக் கூச்சப்படுதல்

மெதோட்ரெக்சேற்றும், இன்னொரு மூட்டுவாத மருந்தான லெப்ளுனோமைட்டும் கருவைச் சிதைக்கும். வரிசையில் பத்துப்பேர் காது கொடுத்து நிற்கும்போது கர்ப்பமா என்று கேட்டால் எந்தப் பெண்ணும் உண்மை சொல்லமாட்டாள். பக்கக் கதவடிக்கு அழைத்து, மெல்லிய குரலில் கேட்க வேண்டும்.