டர்பனில் மார்பக எம்.ஆர்.ஐ.: தேதி வாங்கும் முன்

ஊரில் காலையில் ஸ்கேன் சென்டருக்குப் போனால் மாலையில் ஃபிலிமும் ரிப்போர்ட்டும் கைக்கு வந்துவிடும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அப்படி இல்லை. ஜி.பி. (குடும்ப மருத்துவர்) அனுப்ப வேண்டும், ஸ்பெஷலிஸ்ட் கடிதம் தர வேண்டும், மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) முன் அனுமதி எண் தர வேண்டும். எண் இல்லாமல் போய்ப் படுத்தால் பில் உங்கள் தலையில். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு 3 மாதக் காத்திருப்பும், முன்பே இருந்த நோய்க்கு 12 மாதம் வரை விலக்கும் போட இங்கே சட்டம் இடம் தருகிறது. மெடிக்கல் எய்ட் இல்லையென்றால் பக்கத்து அரசு கிளினிக்கில் தொடங்குங்கள்.

இவ்வளவும் யாராவது சொல்லிவிடுவார்கள். தேதியைப் பற்றித்தான் பலர் வாய் திறப்பதில்லை. தெரிந்தவர் ஒருவர் மாட்டியதும் அதில்தான்.

மாதவிலக்கு நிற்காத பெண்களுக்கு, விலக்கான முதல் நாளிலிருந்து எண்ணி 7 முதல் 14 நாளுக்குள் எடுப்பதே நல்லது. அதன்பின் ஹார்மோன் ஏற ஏற, நல்ல சதையே, ஸ்கேனுக்காக ஊசியில் ஏற்றும் காண்ட்ராஸ்ட் மருந்தை இழுத்து வெள்ளையாகத் தெரியும். கட்டி அதற்குள் ஒளிந்துகொள்ளலாம். ஒன்றுமில்லாத இடம் கட்டிபோலவும் தெரியலாம். பிறகு மறுபடி அல்ட்ராசவுண்ட், பயாப்சி (சதைத்துண்டு எடுத்துச் சோதிப்பது), 6 மாதம் கழித்து இன்னொரு எம்.ஆர்.ஐ. என்று அலைச்சல். காலியாக இருந்த தேதியைக் கொடுத்ததால் ஒரு பெண் இத்தனை பயத்தைச் சுமப்பது அநியாயம். ஆகவே அனுமதியை முதலில் வாங்கி, அது எந்தத் தேதிவரை செல்லும் என்று பாருங்கள். விலக்கான அன்றே போன் செய்து நாள் கேளுங்கள். புற்றுநோய் என்று ஏற்கெனவே உறுதியானவர்கள் மட்டும் இதற்காகக் காத்திருக்க வேண்டாம். கிடைக்கும் நாளிலேயே எடுங்கள்.

தாலிக்கொடி, அதில் கோத்த ஊக்கு, மூக்குத்தி, மெட்டி எல்லாம் கழற்ற வேண்டும். இறுகிய மெட்டியை முந்தின இரவே சோப்பு போட்டு எடுத்துவிடுங்கள். குப்புறப் படுத்து 30 முதல் 45 நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும். இடையில் கையில் கடோலினியம் என்ற அந்தக் காண்ட்ராஸ்ட் ஊசி ஏறும். சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், பேஸ்மேக்கர், அறுவைக்குப் பின் வைத்த காந்த வால்வுள்ள எக்ஸ்பாண்டர் (மார்பகத் தோலை விரிக்க உள்ளே வைக்கும் பை) எதையும் மறைக்காதீர்கள். பால் கொடுப்பவர்கள் நிறுத்த வேண்டியதில்லை.

எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்றே என்று மேமோகிராமை விடாதீர்கள். பொடிப்பொடியான சுண்ணாம்புப் புள்ளிகள் மேமோகிராமில்தான் தெளிவாகத் தெரியும். ஊரில் எடுத்த படங்களை, ஃபிலிமாக அல்லாமல் டைகாம் (கணினியில் திறக்கும் ஸ்கேன் படம்) கோப்புகளாக சிடியில் வாங்கி வாருங்கள். பழையது பக்கத்தில் இருந்தால் பல சந்தேகம் அங்கேயே தீரும். எம்.ஆர்.ஐ.யில் மட்டும் புதிதாக ஒரு புள்ளி தெரிந்து, அதனால் மார்பகம் முழுவதையும் அறுவையில் அகற்றலாம் என்று பேச்சு வந்தால், அந்தப் புள்ளியின் பயாப்சி முடிவைக் கேளுங்கள். அது வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.